நண்டுக்குக் கீழே மூன்று கோடு

ஈரக் காவியின் வாசனை பச்சை மண்ணின் வாசனையைப் போன்றதுதான், ஆனால் அதில் எப்போதும் சாராயத்தின் புளித்த நெடி கலந்தே எனக்கு நினைவு வருகிறது, ஏனென்றால் பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் ஊர்ச் சாராயக் கிடங்கின் வெள்ளைச் சுவரில்தான் சடுகுடு ஆட்டக்காரர்களின் கணக்கைக் காவியால் போட்டு வைப்பார்கள்.

அப்போது எங்கள் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. கிடங்கைக் குத்தகைக்கு எடுத்திருந்த முதலாளி, அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் சடுகுடு நடத்துவார். எல்லைக்கு அப்பால் இங்கிலீஷ்காரன் சீமையிலிருந்தும் ஆட்கள் வந்து ஆட்டம் பார்த்துக் குடித்துவிட்டுப் போவார்கள். இதற்காகவே அவர் ஏழு பேர் கொண்ட ஒரு 'கட்சி' வைத்திருந்தார். அந்த ஏழு பேரும் ஆடிப் பிழைப்பவர்கள். ஆளுக்கு ஒரு காணி நிலத்தை உழுது தின்னக் கொடுத்திருந்தார். என் அப்பா கோவிந்தன் அந்த ஏழு பேரில் ஒருவர்.

ஆட்டக்காரர்களில் எவருக்கும் எழுத்து தெரியாது. அதனால் பெயருக்குப் பதில் சுவரில் ஆளுக்கொரு படம். மூச்சு விடாமல் 'சடுகுடு' பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போவதில் பேர்பெற்ற சின்னத்தம்பிக்குச் சேவல். எதிராளியின் கணுக்காலைப் பிடித்தால் விடாத என் அப்பாவுக்கு நண்டு. ஒருவன் பாடிப்போய் எத்தனை பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறானோ, அத்தனை கோடு அவன் படத்துக்குக் கீழே விழும். சேவலுக்குக் கீழே இடமில்லாமல் கோடுகள் பக்கவாட்டில் ஓடின. நண்டுக்குக் கீழே வெறும் சுண்ணாம்பு.

அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அப்பா பாடிப் போகவே மாட்டார், பெரிய உடம்பு, குட்டை மூச்சு. எதிர்க் கட்சியிலிருந்து பாடி வருபவனை அவர்தான் முதலில் பாய்ந்து கவ்வுவார், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். ஏழு பேர் குவியலில் யார் பிடித்தது என்று யாருக்குத் தெரியும், அதற்கு யார் பேரில் கோடு போடுவது? இப்படி எதிராளிகளில் பாதிப் பேர் வெளியே உட்கார்ந்த பிறகு, காலியாகிவிட்ட களத்தில் சின்னத்தம்பி துள்ளிப்போய்த் தொட்டுவிட்டு வருவார். கூட்டம் அவரைத் தோளில் தூக்கும். "கோயிந்தண்ணே, உன் நண்டு முட்டையாவது போடுமா?" என்று அவர் கேலி செய்யும்போது அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஒரு வருஷம் மழை பொய்த்து ஏரி வறண்டு வெடித்துவிட்டது. முதலாளி, நிலத்தை ஏழு பேருக்கும் விட்டுவைக்க முடியாது, கடைசி ஆட்டம் முடிந்ததும் சுவரைப் பார்த்துக் கோடு குறைந்த ஆளைக் கழிப்பேன் என்று சொல்லிவிட்டார். அப்பா போய்ப் பேசிப் பார்த்தார். "செவுரு இன்னா சொல்லுதோ அதான். எனக்குப் பேச்சு வாணாம்" என்று முதலாளி அனுப்பிவிட்டார்.

அன்று வீட்டில் கேழ்வரகுக் கூழும் இல்லை. காலிச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மா கேட்டாள்: "ஊர்ல கீறவன் எல்லாம் கோடு வாங்கிக்கிறான். உன் நண்டு மட்டும் பட்டினி கெடக்குது. பாத்தியாய்யா?"

"நான் பாடப் போயி மாட்டிக்கினா, இங்க எவன் புடிக்கிறது?"

"நீ புடிச்சத எவன் எழுதறான்? போயி தொட்டுட்டு வாய்யா. புள்ளைக்காவது."

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார்.

வில்லியனூர்ப் பக்கத்துக் கட்சியோடு கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்கியதுமே அப்பா, மணலைக் குவித்து வைத்த நடுவரம்பருகே போய் நின்றார். "இந்தவாட்டி நான் பாடறேன்" என்றார். "நீயா? வழி தெரியுமாண்ணே?" என்றார் சின்னத்தம்பி. கூட்டம் சிரித்தது. அப்பா தாண்டிப் போனார். அந்தக் கனத்த உடம்பு நேராகப் போய் மூன்று பேர் மேல் மோதியது. அவர்கள் அப்படியே காலைக் கட்டிக்கொண்டு சாய்த்தார்கள். ஏதோ முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆனால் "சடுகுடு, சடுகுடு" நிற்கவில்லை; முனகலாகி, காற்றாகி, உதடு மட்டும் அசைய, மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு மண்ணைக் கீறி ஊர்ந்து வந்து, விரல் நுனியை வரம்பின் மேல் வைத்துவிட்டுத்தான் வாயை மூடினார். மூன்று பேரும் வெளியே போனார்கள். அப்பாவைக் கட்டிலில் தூக்கிப் போனார்கள். கண்ணில் நீர் வழிய அம்மாவைப் பார்த்து அவர் சிரித்தது இன்னும் எனக்கு விளங்காத சிரிப்பு.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பிடிக்க ஆள் இல்லை. எதிராளிகள் சந்தைக்குப் போய்வருவது போல வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். சின்னத்தம்பியும் வெறிபிடித்தவர் போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கட்சி தோற்றது.

மறுநாள் காலையில் காவி கரைத்துக் கோடு போட்டார்கள். ஒரே ஆட்டத்தில் அத்தனை கோடு அந்தச் சுவரில் அதற்கு முன் விழுந்ததில்லை. அதைவிட மோசமாக நாங்கள் தோற்றதும் இல்லை. முதலாளி வெகுநேரம் நின்று பார்த்தார். "எல்லாரும் நல்லாத்தானே ஆடிக்கீறானுங்க. அப்புறம் எப்பிடிடா தோத்தானுங்க?" என்றார். "கோயிந்தனுக்கு மூணு. அவன் இருக்கட்டும்" என்றும் சொன்னார்.

ஆட்டத்துக்கு வராத முதலாளிக்கு அப்பாவின் முட்டி போன செய்தி பிறகுதான் எட்டியது. ஆடவும் உழவும் ஆகாதவரிடம் நிலம் எதற்கு? அடுத்த நடவுக்கு முன் அந்தக் காணி வேறொருவர் கைக்குப் போனது. நண்டுப் படமும் அவருக்கே போனது. அம்மா கூலி நடவுக்குப் போனாள், அதற்குப் பிறகு அவள் அந்தச் சுவர் இருந்த தெரு வழியாக நடந்ததே இல்லை, சுற்றிக்கொண்டுதான் போவாள். அப்பா சாகும்வரை ஊன்றுகோலோடுதான் இருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று மாடு மேய்க்கப் போனேன்.

இப்போது அந்தக் கிடங்கு இல்லை. அந்த இடத்தில் ரேஷன் கடை நிற்கிறது. சுவர் முழுக்கச் சிமெண்ட் பூச்சு. காய்ந்த வயலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். என் மகன் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட் என்று ஒப்பிக்கிறான். எண்ணிக்கை குறைந்தவனைச் சும்மா உட்கார்ந்து தின்பவன் என்கிறான். எனக்கு அவ்வளவாகப் பேச வராது. போன வாரம், அவன் தாத்தா சடுகுடு ஆடியவர் என்று எப்படியோ வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஆசையாகக் கேட்டான்.

"எத்தினி பேர அவுட் பண்ணிக்கீறாரு?"

"மூணு பேரு."

"மொத்தமாவா? அவ்ளோதானாப்பா?" என்று கேட்டுவிட்டு, ரேடியோவின் சத்தத்தை மறுபடி கூட்டினான்.