படுக்க வைத்துக் கட்டிய டை

இங்கிலீஷ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவளுக்கு டை கட்டவும் தெரிந்திருக்கும் என்று எங்கள் முதலாளி நம்பினார். எழுபதுகளின் நடுவில் அவருடைய பனியன் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்பெனி. அங்கே இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், இங்கிலீஷ்காரர்கள் செய்கிற எல்லாமே எனக்குத் தெரியும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேக்கில் முட்டை உண்டா என்று என்னிடம்தான் கேட்பார்கள். நிலாவுக்குப் போனவர்கள் அங்கே எப்படிக் குளித்தார்கள் என்று, துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர் ஒருமுறை கேட்டார். தெரியாது என்றால், தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறாள் என்பார்கள்.

பம்பாய் ஏஜெண்டிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்குகிற ஒருவர் வியாழக்கிழமை வருகிறார், முறையான உடையில் வரவேற்கவும் என்று எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னேன்.

“முறையான உடைன்னா என்னங்க அம்மிணி?” என்று கேட்டார் முதலாளி. அவர் கட்டியிருந்தது வெள்ளை வேட்டி, போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. அதைவிட முறையாக ஒன்று உண்டென்று அவர் அதுவரை நினைத்ததில்லை.

“டைதானுங்க,” என்றார் கணக்கர். “நம்ம பேங்க் மேனேஜர் கட்டியிருந்தாருங்களே.”

அந்த மேனேஜரையே கூப்பிட்டுக் கேட்கலாம் என்றேன். அவர் மாற்றலாகிப் போய் ஆறு மாதமாகிவிட்டதாம்.

மறுநாளே கோயமுத்தூரிலிருந்து மூன்று டை வந்து இறங்கியது. முதலாளிக்குச் சிவப்பு, கணக்கருக்கு நீலம், கட்டிங் மாஸ்டருக்கு மஞ்சள் பூப்போட்டது. பேண்ட் வேண்டாமா என்று கேட்டேன். “மேசைக்கு மேல தெரியறது போதுமுங்க. கீழ வேட்டியே இருக்கட்டும்,” என்றார் முதலாளி. பெட்டிக்குள் ஒரு காகிதமும் இருந்தது. அதையும் சிவப்பு டையையும் என் கையில் கொடுத்து, “கத்துக்கிட்டு வந்து கட்டி உட்ருங்க,” என்றார்.

எங்கள் ஊரில் ஒரு பெண் ஆணின் கழுத்தில் எதையும் கட்டுவதில்லை. கட்டுவது எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். கற்றுக்கொண்டு வாயால் சொல்கிறேன், நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவரும் யோசித்துவிட்டு, அதுதான் சரி என்றார்.

காகிதத்தில் நாலு படங்கள். கழுத்து இல்லை, முகம் இல்லை, வெறும் கைகள். மூன்றாவது படத்தில் துணி ஒரு சிக்கலாக இருந்தது. நாலாவதில் அழகான முடிச்சாக இருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதற்குப் படம் இல்லை. வீட்டில் கழுத்துள்ள பொருள் பித்தளைக் குடம் ஒன்றுதான். இரண்டு நாள் அதில் கட்டிப் பார்த்தேன். கட்டியது லேசில் அவிழவில்லை, ஆனால் டையாகவும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை குழாயில் தண்ணீர் வந்ததும் அம்மா அந்தக் குடத்தை அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தெருப் பெண்கள் என்ன இது என்று கேட்டதற்கு, “கம்பெனியில குடுத்தாங்க,” என்றாராம்.

புதன்கிழமை காலை, தெரியவில்லை என்று முதலாளியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. இங்கிலீஷுக்கும் எட்டாத ஒன்று இருப்பது அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. அப்போது கட்டிங் மாஸ்டர், வீரபாண்டிப் பக்கம் தனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இருக்கிறார், டை கட்டுவதில் கெட்டிக்காரர் என்றார். சைக்கிளில் போய் மத்தியானத்துக்குள் கூட்டியும் வந்துவிட்டார்.

வந்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெதுவாகப் பேசினார். முதலாளி எழுந்து நின்று காலரைத் தூக்கிவிட்டுக் கழுத்தை நீட்டினார். தையல்காரர் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

“நின்னுக்கிட்டு இருக்கறவங்களுக்கு நான் கட்டினதில்லீங்க,” என்றார்.

“வேற எப்படிக் கட்டுவீங்க?”

“படுத்திருப்பாங்க.”

அப்புறம் விவரம் சொன்னார். மாதா கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில் யாராவது இறந்துபோனால், கோட்டும் டையும் போட்டுத் தயார் பண்ண இவரைத்தான் கூப்பிடுவார்களாம். பன்னிரண்டு வருடமாக அந்த வேலை. இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை என்றார்.

கணக்கருக்கு முகம் வெளுத்தது. முதலாளி காலண்டரைப் பார்த்தார். வியாழக்கிழமைக்கு ஒரு நாள்கூட இல்லை. “படுத்தாப் போச்சுங்க,” என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கட்டிங் மேசைமேல் ஏறி, வெட்டுவதற்காக அடுக்கி வைத்திருந்த பனியன் துணிமேல் மல்லாந்து படுத்தார். நான் சுருக்கெழுத்து நோட்டோடு கால்மாட்டில் நின்றேன். தையல்காரர் கை போகிற ஒவ்வொரு போக்கையும் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு இட்ட உத்தரவு.

வேலை தெரிந்த கை. அகலமான முனை மேலே, கீழே, சுற்றி, உள்ளே. நான் எழுதிக்கொண்டே வந்தேன். காகிதத்தில் விட்டுப்போன இடத்தையும் பிடித்துவிட்டேன். முடிச்சு கழுத்தில் போய் உட்கார்ந்ததும், பழக்கதோஷம்தான், தையல்காரர் முதலாளியின் இரண்டு கையையும் எடுத்து நெஞ்சின்மேல் வைத்தார். கண் இமைகளை விரலால் மூடிவிட்டார். ஒரு துணி நறுக்கை எடுத்துக்கொண்டு கால் கட்டைவிரல் பக்கம் போனவரைக் கணக்கர்தான் பிடித்து நிறுத்தினார்.

அந்த நேரத்தில்தான் முதலாளியின் மனைவி தூக்குப்போசியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் அப்படியே நின்றார். மேசைமேல் புருஷன் கண்மூடிக் கிடக்கிறார், கை நெஞ்சில் இருக்கிறது, தெரியாத ஒருவர் கால்மாட்டில் குனிந்து நிற்கிறார், டைப்பிஸ்ட் பக்கத்தில் நின்று என்னவோ குறித்துக்கொண்டிருக்கிறாள். தூக்குப்போசியைச் சிந்தாமல் கீழே வைத்தார். துணி மூட்டைமேல் உட்கார்ந்தார். தலைமுடியை அவிழ்த்துவிட்டு அழ ஆரம்பித்தார்.

கழுத்தை அசைக்கக்கூடாது என்று தையல்காரர் சொல்லியிருந்ததால் முதலாளி அசையாமல், கண்ணைத் திறக்காமல், “ரசம் கொண்டாந்தயா?” என்று கேட்டார்.

அந்த அம்மாள் கொண்டையை முடிந்துகொண்டு எழுந்து வந்து, அவருடைய கழுத்தை உற்றுப் பார்த்தார். “செவப்பு உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது,” என்றார்.

கணக்கரும் கட்டிங் மாஸ்டரும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்து எழுந்தார்கள். தையல்காரர் கிளம்பும்போது முதலாளி கேட்டார், “ராத்திரிக்கு இதை எப்படி அவுக்கறதுங்க?”

தையல்காரர் கொஞ்சம் சங்கடப்பட்டார். “அவுத்ததில்லீங்க. இதுவரைக்கும் யாரும் அவுக்கச் சொன்னதில்லை,” என்றார்.

மூன்று பேரும் அன்றைக்கு டையோடு வீட்டுக்குப் போனார்கள், மறுநாள் டையோடு வந்தார்கள். குளித்தீர்களா என்று நான் கேட்கவில்லை.

பத்து மணிக்கு வெளிநாட்டுக்காரர் காரில் வந்து இறங்கினார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வெயிலில் முகம் செங்கல் நிறமாகியிருந்தது. அவர் கழுத்திலும் ஒரு டை, வியர்வையில் நனைந்து தொங்கியது. பனியன்களை இழுத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். எல்லோரும் உட்கார்ந்து இளநீர் குடித்தோம். முதலாளி என் பக்கம் சாய்ந்து, “இதுலிருந்து எப்படி வெளிய வர்றதுன்னு நாசூக்காக் கேளுங்க அம்மிணி,” என்றார்.

ஒருவர் கழுத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுவது மரியாதை இல்லை. அதனால் எதையும் சுட்டாமல், இதிலிருந்து நீங்கள் எப்படி வெளியே வருவீர்கள் என்று மட்டும் இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் இளநீரைக் கீழே வைத்தார். இரண்டு வருடமாகத் தானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கம்பெனி மாமனாருடையதாம். விட்டுவிட்டு வருகிறேன் என்றால் மனைவி வீட்டில் இருக்க விடமாட்டாளாம். ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையாம். காலையில் கண்ணாடி முன் நிற்கும்போது மூச்சு முட்டுகிறது என்றார். அவர் டையைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குப் பாதியில் புரிந்தது. ஆனால் கண் கலங்கிப் பேசுகிற மனிதரை எப்படி நிறுத்துவது?

“என்னங்க சொல்றாரு?” என்றார் முதலாளி.

“அவருக்கும் தெரியலீங்களாமுங்க. ரெண்டு வருசமாப் பாக்கறாராமுங்க.”

முதலாளி அவருடைய கழுத்தைப் பார்த்தார். “ரெண்டு வருசமாவா இருக்குது,” என்றார் மெதுவாக. எழுந்து போய் பனையோலை விசிறியைக் கொண்டுவந்து அவருக்குத் தானே வீசினார். இன்னொரு இளநீர் வெட்டச் சொன்னார். தோளில் கையை வைத்துக்கொண்டு, “பொறுங்க சாமி, ஒரு வழி வரும்,” என்றார். நான் அதை மொழிபெயர்த்தேன். வெளிநாட்டுக்காரர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். ஏஜெண்ட் எழுதியிருந்ததைவிட அதிகமாகவே அன்றைக்கு ஆர்டர் கொடுத்தார். நான் எதையும் திருத்தவில்லை. திருத்துவதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

கார் சந்து திரும்பியதும் கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்துத் தன் டையை வெட்டிவிட்டார். கணக்கர் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயைக் காதில் தடவிக்கொண்டு தலைவழியாக உருவிப் பார்த்தார். காதுகளை இழுத்து மடக்கி ஒருவழியாக வெளியே எடுத்தார். முதலாளியுடையதை வெட்டவே கூடாது என்று, சாப்பாட்டோடு வந்திருந்த அவர் மனைவி சொல்லிவிட்டார். கழுத்தில் கட்டியதை அறுப்பது நல்லதில்லையாம்.

எனக்கு அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது. எழுதியதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தேன். “உள்ள போனதை வெளிய எடுங்க. வலது பக்கம் சுத்துனதை இடது பக்கம் சுத்துங்க.” அந்த அம்மாள் விரல்கள் நான் சொன்னபடி போயின. நாலாவது வரியில் முடிச்சு தானாகத் தளர்ந்து டை அவர் கையோடு வந்தது. முதலாளி கழுத்தைத் தடவிக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

“மறுபடி படி கண்ணு,” என்றார் அந்த அம்மாள். “இப்ப மேலருந்து.”

முதலாளியை நிற்க வைத்தே கட்டினார். அவிழ்த்தார். மூன்றாவது தடவைக்கு நோட்டு தேவைப்படவில்லை. அன்று சாயங்காலம் அதே டையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடத்துக்குக் கட்டிப் பார்த்தேன். முதல் தடவையிலேயே வந்துவிட்டது. அம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, தண்ணி எடுக்கணும், கழட்டு என்றார்.

செய்தி பரவியது. அடுத்த சில மாதங்களில் பக்கத்துக் கம்பெனி முதலாளிகளின் மனைவிமார் மத்தியான நேரத்தில் என்னிடம் வந்தார்கள். அவர்களிடமும் வெளிநாட்டுக்காரர்கள் வரப்போவதாகப் பேச்சு. கட்டிப் பழகுவதற்குக் கம்பெனித் தூண்தான் மாதிரிக் கழுத்து. ஊரில் என்னை டை கட்டுற புள்ள என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த தை மாதம் என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, காபியைக் கையில் வாங்கிக்கொண்டே அதைப் பற்றித்தான் கேட்டார். “பொண்ணு ஆம்பளைங்க கழுத்துல என்னமோ கட்டி உடுதுன்னு சொல்றாங்களே, ஏனுங்க?”

“பொம்பளைங்களுக்குச் சொல்லி மட்டும்தானுங்க குடுக்கறா,” என்றார் அம்மா. “கட்டறதெல்லாம் அவுங்கவுங்க ஊட்டுக்காரங்களுக்குத்தானுங்க.”

மாப்பிள்ளை சட்டையின் மேல் பட்டனை மெதுவாகப் போட்டுக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.