கூடக்குறைய எவ்வளவு?

எஸ்தர் மேடம் தவறிவிட்டார் என்று எங்கள் மண் ஆய்வகத்தின் வாட்ஸாப் குழுவில் மூன்று பேர் எழுதினார்கள். ஒருவர் நள்ளிரவு என்றார், ஒருவர் விடிகாலை என்றார், ஒருவர் நேற்றே என்றார். குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தவர். நேரம் யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் மூவருக்கும் ஐயமே இல்லை. அவர் இருந்திருந்தால், "கூடக்குறைய எவ்வளவுன்னு கேளுங்க சார்" என்றிருப்பார்.

அவரை அறிந்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியை அவர் வாயால் ஒரு முறையாவது கேட்டு எரிச்சலடைந்திருப்போம். லக்ஷ்மிபாய் நகர் சந்தையில் தராசைப் பார்த்தும் கேட்பார். காய்கறிக்காரன், "மேடம்ஜி, பூரா ஏக் கிலோ" என்பான், சரியாக ஒரு கிலோவாம். "பூராவா? அப்ப உன் தராசு பொய் சொல்லுது பையா" என்று தன் சொந்த ஊரான நாசரேத்தின் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, வாங்கிக்கொண்டும் வருவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. விவசாயிக்குப் போகும் அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது எவ்வளவு தவறியிருக்கலாம் என்று எழுத ஒரு சின்னக் கட்டம் வேண்டும். "நம்ம மெஷின் பண்ணுத தப்பு கொஞ்சந்தான் சார். மண்ணெடுக்கப் போறவன் வரப்போரமா ஒரு பிடி அள்ளிப் போட்டு வயல்னு எழுதிக் குடுக்கான் பாருங்க, அதுதான் பெருசு." இயக்குநர் ஒவ்வொரு முறையும் பணிவாக மறுத்தார். இரண்டு எண்ணைப் பார்த்தால் விவசாயி குழம்பிவிடுவானாம். "குழம்பட்டுமே. குழம்பினவன் இன்னொரு தடவ பாப்பான்" என்று என்னிடம் வந்து சொன்னார்.

ஒரே மண்ணை இரண்டு பைகளில் போட்டு, இரண்டு வேறு எண்களிட்டு, மற்றப் பைகளோடு கலந்து அளக்க அனுப்புவது அவர் வழக்கம். இரண்டு விடையும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்க்கத்தான். இரட்டைப் பிள்ளைகள் என்பார். ஆனால் அந்த இரண்டு பைகளில் மட்டும் எண்ணை எழுதியது அவர் கை. அந்தக் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். மேடம் மனம் நோகக் கூடாது என்று ஊழியர்கள் ஒன்றை அளந்து, மற்றொன்றுக்கும் அதையே எழுதினார்கள். எங்கள் ஆய்வகத்தின் துல்லியம் பாராட்டுச் சான்றிதழ் வாங்கியது.

அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பையில் யமுனைக் கரை மணலும் இன்னொன்றில் நர்சரியின் கறுத்த எருமண்ணும் போட்டு, இரட்டையர் போலவே எண்ணிட்டு அனுப்பினார். கரிமச் சத்து இரண்டுக்கும் ஒரே அளவு என்று வந்தது. காகிதத்தை என்னிடம் நீட்டினார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "இத்தன வருஷமா நான் எதப் பாத்து நிம்மதியா தூங்கினேன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

அதே வாரம் புதிய மென்பொருள் வந்தது. அதில் ஒரே ஒரு எண்ணைத் தவிர வேறு எதையும் எழுத முடியாது. அவருடைய கட்டத்துக்கு இனி இடமில்லை என்பது முடிவாயிற்று. மறுநாள் மதியம் நெஞ்சு கனக்கிறது என்றார். பக்கத்து நர்சிங் ஹோமுக்கு அழைத்துப்போனேன். இதயத்துக்காக ரத்தத்தில் பார்த்த எண், அபாயக் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது. பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தது. டாக்டர் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

"கூடக்குறைய எவ்வளவுன்னு கேளுங்க மேடம்" என்றேன். வாழ்நாளில் முதல் முறையாக நான் கேட்டேன், அவர் கேட்கவில்லை.

"இருந்து இன்னொரு தடவ ரத்தம் குடுத்துட்டுப் போலாம். கையெடுத்துக் கும்பிடுறேன்."

"எதுக்கு சார்? ரெண்டாவதும் அதேதான் வரும். நம்ம லேப் மாதிரி." செருப்பை மாட்டிக்கொண்டார். "ஒரு நாளாவது நானும் ஒரு நம்பர நம்பிப் பாக்கேன். எல்லாரும் நம்பி நல்லாத்தான இருக்காங்க."

ஆட்டோவில் வழி முழுக்க இறங்கித் திரும்பலாம் என்று கெஞ்சினேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு குழுவில் வந்த செய்திதான்.

இரங்கல் கூட்டத்தில் இயக்குநர் அவரைத் துல்லியத்தின் மறுபெயர் என்றார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த இரட்டைப் பைப் பழக்கம். போன வாரம் மணலும் எருமண்ணும் மறுபடி அனுப்பினேன். அவர் கையெழுத்தைப் போலவே எண்ணிட்டேன். யாராவது ஒருவர், இப்போதாவது, இரண்டையும் அளந்துவிட மாட்டார்களா என்று.

எஸ்தர் மேடம், இரண்டு விடையும் கடைசித் தசமம் வரை ஒத்துப்போகின்றன.