யாரும் சொல்லாமல் பேசிய எடைமேடை

எடைமேடை சாப்ட்வேருக்கு சப்போர்ட் பார்க்கிறவனை பேய் ஓட்டக் கூப்பிடுவது போலத்தான் கூப்பிடுவார்கள். அடுத்தவர் எழுதிய நிரலைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் உங்களுக்கு இது புரியும்.

எங்கள் ஆபீஸ் பெரம்பலூரில். லாரி எடையைப் படிக்க, மற்ற நிரல்களோடு சேர்த்துக்கொள்ளும் பைத்தான் லைப்ரரி ஒன்றை அங்கே எங்களோடு வேலை பார்க்கும் ஜாபர் பாய் எழுதியிருந்தார். நிரல் ஓடும்போது தான் செய்வதைத் தானே சொல்லிக்கொண்டு போகுமே, அந்த லாக், எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்பீக்கரிலும் பேசும். டிரைவர் காதில் விழ வேண்டுமல்லவா? கஸ்டமருக்கு ஒரு வேலையும் வைக்கக் கூடாது என்பது பாயின் கொள்கை. லைப்ரரியைச் சேர்த்த நொடியிலேயே லாக் தன்னைத்தானே அமைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடும்.

காலி மேடை

அரியலூர் பக்கம் மூடிப்போன சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்று. பள்ளம் முழுக்கப் பச்சைத் தண்ணீர். ஆபீஸில் பழைய கணக்கு முடிக்கும் தமிழரசி மட்டும்தான் இருந்தார். அவர் ரிப்போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் வெளியே துருப்பிடித்த மேடையருகே ஒரு பெண்குரல், "மேடையில் வண்டி இல்லை. காத்திருக்கிறேன்" என்கிறதாம். நானும் நின்று கேட்டேன். பள்ளத்திலிருந்து அது எதிரொலித்துத் திரும்பி வந்ததைக் கேட்டதும் உச்சி வெயிலிலும் கை மயிர் நட்டுக்கொண்டது.

ரிப்போர்ட் நிரல் டன் கணக்குப் போட மட்டும் எங்கள் லைப்ரரியைக் கடன் வாங்கியிருந்தது, சேர்த்தாலே பேசும் சாமான் அது என்று தமிழரசியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "வண்டி இல்லன்னு சொல்லட்டுங்க சார். காத்திருக்கேன்னு எதுக்குச் சொல்லுது?"

ரெண்டாவது குரல்

வாலிகண்டபுரத்தில் ஒரு மக்காச்சோள மண்டி. அங்கே நிரல் எழுதும் முதலாளியின் மருமகன் ஏற்கெனவே முறையாக லாக் அமைத்திருந்தார். எங்கள் லைப்ரரி அவரைக் கேட்காமல் தன் பங்குக்கும் ஒன்று வைத்தது. எடை சொன்ன குரல், கொஞ்சம் தள்ளி அதே எடையை இன்னொரு முறை சொன்னது. லோடுமேன்கள் மேடையில் கால் வைக்கவே மறுத்தார்கள். முதலாளி என்னை ஓரமாக அழைத்துப் போய்க் கேட்டார்: "மொதல்ல பேசுறது நம்ம மெஷினு. அத ஒட்டுக் கேட்டுட்டு திருப்பிச் சொல்றது யாருங்க?"

முருகேசன் பட்டன்

இதுவரை சிரித்தேன். இதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஒரு கல் கிரஷரில் பெல்ட் ஓட்டுபவர் முருகேசன். பட்டனை அமுக்கினால் "பெல்ட் ஓடப் போகிறது, விலகி நில்லுங்கள்" என்று ஸ்பீக்கர் சொல்லும்; சற்றுப் பொறுத்து பெல்ட் நகரும். அந்த நிரல் கிரஷர்காரர்களுடையது; அதன் குரலும் லாக் வழியாகத்தான் வரும். பெல்ட்டில் போகும் கல்லை எடை போட, அந்த வாரம்தான் எங்கள் லைப்ரரியைச் சேர்த்திருந்தார்கள். அன்று குரல் வரவில்லை, பெல்ட் மட்டும் நகர்ந்தது. கீழே சிந்திய கல்லை அள்ளிக்கொண்டிருந்தவரின் துண்டை உருளை இழுத்துக்கொண்டது. துண்டை விட்டதால் ஆள் பிழைத்தார்.

முருகேசன் எச்சரிக்கை கொடுக்கவில்லை என்று மேனேஜர் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நான் போய் லைப்ரரியை எடுத்துவிட்டு அமுக்கினேன்; குரல் வந்தது. திரும்பச் சேர்த்து அமுக்கினேன், இரைச்சல்கூட இல்லை. தன் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமென்று, மற்ற நிரல்களின் சாதாரண அறிவிப்புகளை எங்கள் லாக் வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொல்ல முருகேசன் வீட்டுக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "நான் அமுக்குனேங்க. அதுக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டு சும்மா இருந்துச்சு."

ஒரு வரி

ஜாபர் பாய் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. லாக் அமைப்பதை நிரல் எழுதுபவரிடமே விட்டால் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்றார். உருளை துண்டை இழுத்த கதையைச் சொன்னேன். டீயை அப்படியே வைத்துவிட்டு லைப்ரரியைத் திறந்து, தானாக அமைக்கும் பகுதியை முழுக்க அழித்தார். இப்போது நிரல்காரர் தன் கையால் ஒரு வரி எழுதிக் கூப்பிட்டால்தான் எங்கள் லாக் தன்னை அமைத்துக்கொள்ளும். கூப்பிட்டாலும் அடுத்தவர் குரலில் கை வைக்காது.

மேனேஜரிடம் தவறு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்த பிறகு முருகேசனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். புது லைப்ரரியைப் போட்டு, அவர் பக்கத்தில் நிற்க அந்த ஒரு வரியை எழுதினேன். பட்டனை அமுக்கினார். குரல் வந்தது. அவர் முகம் தெளியவில்லை. நாம் எழுதிச் சொன்னால்தான் இனி எதுவும் செய்யுமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அன்னைக்கு அத வாய மூடச் சொன்னது யாருங்க?"

யாருமே சொல்லவில்லை என்பதுதான் இந்த வேலையில் நான் பார்த்த ஒரே பேய். அதை எழுதி வளர்த்தவரோ நமக்கு ஒரு சிரமமும் வரக் கூடாது என்று நினைத்த தங்கமான மனிதர்.