மேனேஜருக்கு ஒரு கோடு

முன்னறையில் தையல் கடை, பின்னறையில் குடித்தனம், இரண்டுக்கும் நடுவாசலில் மேனேஜர். அது நாய்தான். கடைக்கு வருகிற எவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மனசுக்குப் பிடித்தால் மட்டும் வாலை ஆட்டி உள்ளே விடும். அதனால் தெருவே வைத்த பெயர் அது.

மேனேஜருக்குச் சர்க்கரை வியாதி என்று போன வருடம் நாய் டாக்டரம்மா சொன்னபோது, டெய்லரக்கா சண்டைக்கே போய்விட்டாள். "அது ஒரு டீ கூடக் குடிக்காதே டாக்டர்!" என்றாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. காலை ஏழு, மாலை ஏழு, சாப்பிட்டதும் இன்சுலின் ஊசி, ஆயுசுக்கும் என்றார்.

ஊசியைக் கண்டால் ஊரைக் கூட்டுகிற டெய்லரக்கா, அதைத் துணியில் குத்துவது மாதிரி பழகிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவரும் பழகிக்கொண்டார். யார் போட்டாலும் கறுப்பு ஃப்ரிட்ஜ் கதவில் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். கோடு இருந்தால் போட்டாயிற்று, இல்லையென்றால் இன்னும் போடவில்லை. கேள்வி கேட்பதே கிடையாது. அடுத்த வேளைக்குள் கோட்டை அழித்துவிடுவார்கள்.

அன்றைக்கு முதல் ட்ரிப் முடிந்து எட்டரைக்கு வந்தார் வேன்காரர். சாப்பாட்டுத் தட்டு காலி. ஃப்ரிட்ஜில் கோடு இல்லை. முன்னறையில் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஊசியைப் போட்டார், கோட்டையும் போட்டார், குளிக்கப் போனார்.

பத்து மணிக்கு மேனேஜர் வாசற்படியிலிருந்து எழுந்தது. நாலு காலும் நாலு பக்கம் போயின. பொத்தென்று விழுந்தது.

"என்னங்க! ஓடி வாங்க! மேனேஜர் விழுந்துடுச்சு!"

"காலைல ஊசி போட்டேனே, எப்படிம்மா?"

"என்னது? நீங்களும் போட்டீங்களா?"

இரண்டு ஊசியில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று கேட்ட மாத்திரத்தில் இருவருக்கும் விளங்கிவிட்டது. டெய்லரக்கா பாய்ந்துபோய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, விரலால் தொட்டுத் தொட்டு நாயின் ஈறில் தேய்த்தாள். அவர் பனியனோடேயே வேனைக் கிளப்பினார். பிள்ளைகள் உட்கார்கிற சீட்டில் மேனேஜரைக் கிடத்தி, அவள் கீழே மண்டிபோட்டுத் தேய்த்துக்கொண்டே வந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

"கோட்டை அழிச்சுட்டுப் போட்டிருக்கீங்க! துடைக்கிறேன் பேர்வழின்னு கண்ணுல பட்டதையெல்லாம் துடைக்க வேண்டியது!"

"நான் ஃப்ரிட்ஜைத் துடைக்கவே இல்லம்மா."

"பேசாதீங்க! ரோட்டைப் பாருங்க!"

சிக்னலில் வண்டி நின்றது. மேனேஜரின் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. போய்விடுமோ என்று பயந்தாள். அந்தப் பயத்தையும் சேர்த்து அவர் தலையிலேயே கொட்டினாள்.

டாக்டரம்மா ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடனே குளுக்கோஸ் ஏற்றினார். அரை மணி நேரம். பிறகு ஒரு காது அசைந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மேனேஜர் தலையைத் தூக்கி, டாக்டரம்மாவை ஏற இறங்கப் பார்த்தது!

"ஐயோ, பார்க்குதுங்க! பார்க்குது!" டெய்லரக்கா குதித்தாள், அழுதாள், மாவு உருண்டை மாதிரி அதைக் கட்டி அமுக்கினாள். இன்றைக்கு மாலை ஊசி வேண்டாம், நாளைக் காலை சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது வேன்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே நான் ஊசியத் தொட மாட்டேன்மா."

சாயங்காலம் டெய்லரக்கா, காலையில் பாதியில் விட்ட வேலையை எடுத்தாள். வக்கீலம்மாவின் கறுப்பு கவுன். முதுகுத் துணியை விரித்து, கத்தரியைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். முதுகில் ஒரு வெள்ளைக் கோடு. அங்கே வெட்டும் கிடையாது, மடிப்பும் கிடையாது. நாலு விரல் நீளம், ஃப்ரிட்ஜில் போடுகிற அதே கோடு.

காலையில் ஊசி போட்டுவிட்டுச் சாக்கட்டியை எடுத்தபோது போன் அடித்தது. கவுன் எப்போது கிடைக்கும் என்று வக்கீலம்மா கேட்டார். பேசிக்கொண்டே மேசைக்கு வந்தவள், கறுப்பைக் கண்டதும் கையிலிருந்த கோட்டை அங்கே இறக்கிவிட்டாள்.

கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தால் போயிற்று. ஒருவருக்கும் தெரியாது. விரல் கோட்டுக்கு மேலே வந்தும் விட்டது.

துணியை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர் வேன் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோடு இங்க இருக்குங்க. நான்தான்." துணியை அவர் முன்னால் விரித்தாள். "உங்களை என்னென்னவோ சொல்லிட்டேன்."

அவர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ வக்கீலம்மாவுக்கு இன்னிக்கு ஊசி போட்டாச்சு" என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

அன்றைக்கே மிஷினில் உட்கார்ந்து, கவுனில் மிஞ்சிய துண்டில் ஒரு கழுத்துப்பட்டி தைத்தாள். அதில் ஒரு சின்ன மடல், மடலில் ஒரு பிரஸ் பட்டன். பட்டன் பூட்டியிருந்தால் ஊசி போட்டாயிற்று. கோடு எங்கே போனாலும் போகட்டும், இது நாயோடுதான் போகும்.

மறுநாள் காலை சோதித்துப் பார்த்து, வழக்கம்போலவே போடலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்து மேனேஜர் சாப்பிட்டு முடித்ததும், அவள் ஊசியை அவரிடம் நீட்டினாள்.

"நீயே போடும்மா."

"முடியாது. நீங்கதான் போடணும்."

ஊசியை வாங்கியவர் நின்ற இடத்திலேயே நின்றார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு எழுந்து வந்து, வாலை ஆட்டிக்கொண்டு, அவர் முன்னால் கழுத்தைக் காட்டி உட்கார்ந்தது.