திங்கட்கிழமை இளைப்பு

என் வீட்டுக்காரருக்கு மூச்சு இளைப்பு என்று சொன்னால் அந்தக் காலத்து ராஜபாளையத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நூல் மில்லில், பஞ்சு மூட்டையைப் பிரித்து உடைக்கிற புளோரூமில் வேலை. அங்கே இளைப்பு இல்லாதவர் யார்? ஒரு டாக்டர் காசநோய் என்றார், இன்னொருவர் பீடி என்றார். வருஷக்கணக்காக மாத்திரை விழுங்கியதுதான் மிச்சம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு டீச்சர் எங்கள் தெருவுக்கு வந்துபோக ஆரம்பித்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தம்பியும் புளோரூமில் இருந்து இளைத்து இளைத்தே செத்தவன். அதிலிருந்து திங்கட்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்து மில் வாசலில் நிற்பார். வெளியே வருகிறவர்களை மறித்து, நெஞ்சு என்றைக்கு அதிகமாக அடைக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். முதலில் எனக்கு எரிச்சல்தான். வேலையற்ற பொம்பளை என்று வாய்க்குள் திட்டியிருக்கிறேன்.

ஒருநாள் நோட்டை என் முன்னால் விரித்தார். "இங்க பாரு. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு மூச்சு லேசாகுது. திங்கக்கிழமை உள்ள போனதும் அடைக்கு. அம்புட்டுப் பேருக்கும் இதே கததான். காசநோய்க்கு கிழமை தெரியுமாட்டி?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அது பஞ்சுத் தூசியால் வருகிற வியாதி என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்துவிட்டால் புளோரூமை விட்டு வேறு வேலைக்கு மாற்றியாக வேண்டும் என்றார். எனக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். அந்த அறையை விட்டு என் வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டால் போதும், உயிர் மிஞ்சும்.

எத்தனையோ மனுவுக்குப் பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மில் ஆட்களைச் சோதிக்க மதுரையிலிருந்து பெரிய டாக்டர் வருவதாக முடிவாயிற்று. டீச்சர் கெஞ்சிக் கேட்டு அதை ஒரு திங்கட்கிழமை சாயங்காலமாக வைக்கச் சொல்லியிருந்தார். நோட்டில் இருந்த புளோரூம் ஆட்கள் பதினோரு பேர் வீட்டிலும் ஏறி இறங்கிச் சொன்னார்: "காலை ஷிப்ட் முடிஞ்ச கையோட அப்படியே வரணும். குளிக்கக் கூடாது, மாத்திரை போடக் கூடாது. அப்பத்தான் அடைப்பு மிஷின்ல தெரியும்."

நாங்கள் என்ன செய்தோம்? பதினோரு பேரும் ஷிப்டுக்கு லீவு போட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசிப் போய் வரிசையாக நின்றார்கள். டீச்சர் அதைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் வேலைக்குப் போகல?"

"பெரிய டாக்டர் முன்னாடி பஞ்சும் தலையுமா எப்படி டீச்சர் நிக்க?" என்றார் ஒருவர்.

இன்னொரு நாள் வரச் சொல்லி டீச்சர் டாக்டரிடம் மன்றாடினார். வந்தவர்களைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார் அவர். மூச்சை அளக்கிற மிஷினின் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் அதைப் பரீட்சை என்று நினைத்துவிட்டார். கழுத்து நரம்பு புடைக்க, தம் கட்டி ஊதினார். ஊதி முடித்து என்னைப் பார்த்துச் சிரித்தார், பாவி மனுசன்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் டாக்டர்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, மாத்திரை எதுவும் கொடுத்தியா?"

கொடுத்திருந்தேன். டாக்டர் முன்னால் இரைத்துக்கொண்டு நின்றால் கேவலம் என்று, கிளம்பும்போது இளைப்பு மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருந்தேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள், டாக்டரும் பார்க்கிறார். "இல்ல டீச்சர்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் சண்டைக்குப் போனார். உங்கள் மிஷின்தான் கோளாறு என்று டாக்டரிடம் சத்தம் போட்டார். டாக்டர் முகம் சிவந்து எழுந்துவிட்டார். பதினோரு பேருக்கும் ஒன்றுமில்லை என்று எழுதி வந்தது. அதன்பிறகு டீச்சர் எந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றாலும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் மறுபடி புளோரூமுக்கே போனார். மூன்று வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து டீச்சர் வந்தார். இளைத்துப்போய், ஆளே பாதியாகியிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. மாத்திரை கொடுத்ததைச் சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு ராத்திரியாவது வந்து சொல்லியிருக்கலாமேட்டி. மருந்து போட்டிருந்தா அந்த டெஸ்ட் செல்லாதுன்னு அவியளே சொல்லியிருப்பாக. ஒருத்தர் டெஸ்ட் செல்லலன்னா பதினோரு பேரையும் சந்தேகப்பட்டுத் திரும்ப ஊத வச்சிருப்பாகளே" என்றார்.

மீதிப் பத்துப் பேரில் நாலு பேர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். அந்த நாலு வீட்டுக்காரிகளும் எங்கள் தெருவில்தான் இருந்தார்கள்.