வீட்டுக்கு ஒரு ஓட்டு, ஆளுக்கு ஒரு ஓட்டு

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை எங்கள் வகுப்பில் ஒழுங்காகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று இன்றும் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்கு வெட்கமே கிடையாது. அந்தப் படிப்பு எங்கள் வீட்டில் ஒரு பெரிய காரியத்தை நடத்திக் காட்டியது.

பாடம் பிரெஞ்சுப் புரட்சி. மற்ற பிள்ளைகளுக்கு ராஜாவின் தலை போகிற இடம் பிடித்திருந்தது. எனக்குப் பிடித்தது புரட்சிக்கு முன்னால் இருந்த அவர்களுடைய பழைய சபை. ஸ்டேட்ஸ் ஜெனரல் என்று பெயர். நாட்டுக்கே பொதுவான சபைதான், ஆனால் ராஜா கூப்பிட்டால்தான் கூடும். நூற்றெழுபத்தைந்து வருடமாக எந்த ராஜாவுக்கும் கூப்பிடத் தோன்றவில்லை. அதில் மூன்று பிரிவு: பாதிரிமார்கள், பிரபுக்கள், மிச்சமிருக்கும் அத்தனை ஜனங்கள். பிரிவுக்கு ஒரு ஓட்டு. முதல் இரண்டும் கைகோத்துக்கொண்டால் மூன்றாவது பிரிவு என்ன கத்தினாலும் தோல்விதான்.

டீச்சர் இதை வகுப்பிலேயே நடத்திக் காட்டினார். முன் பெஞ்சில் நான்கு பாதிரிமார்கள், அடுத்த பெஞ்சில் நான்கு பிரபுக்கள், மீதி நாற்பது பேரும் மூன்றாம் பிரிவு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் விளையாட்டா, கணக்கா என்று ஓட்டு. நாற்பது பேரும் தொண்டை கிழிய விளையாட்டு என்றோம். இரண்டுக்கு ஒன்று என்று கணக்கு ஜெயித்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இந்தச் சபையை நான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்திருந்தேன்.

பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரே பாத்திரக்கடையை நடத்தினார்கள். மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் இருந்தது. எந்த முடிவானாலும் கடை லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை காலையில், கூடத்தில் எடுக்கப்படும். அண்ணன் தம்பிக்கு ஆளுக்கொரு ஓட்டு. சித்தப்பா, பெரியப்பா தும்மினால் தானும் தும்முகிறவர். அப்பா ஊட்டிக்குப் போகலாம் என்று சொன்ன மூன்று கோடை விடுமுறைகளிலும் நாங்கள் திருப்பதிக்குப் போய் வந்தோம். அப்பா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்த வருடம் அக்காவுக்கு நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய இடம். புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், ஹாஸ்டலில் தங்க வேண்டும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது.

"பொம்பளப் புள்ள மாட்டு டாக்டருக்கா படிக்கணும்? திருச்சியில இல்லாத காலேஜா? வேணாம்" என்றார் பெரியப்பா. சித்தப்பா தலையாட்டினார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுக் கீழே பார்த்தார். அக்கா கதவோரம் காலேஜிலிருந்து வந்த கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

நான் நடுக்கூடத்தில் போய் நின்றேன். "பெரியப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பிரான்ஸ் தேசத்துக் கதையை ஆரம்பித்துவிட்டேன். பிரிவுக்கு ஒரு ஓட்டு என்பது அநியாயம், தலைக்கு ஒரு ஓட்டு வேண்டும் என்று மூன்றாம் பிரிவு அடம் பிடித்ததையும், கடைசியில் பாதிரிமார்களிலேயே சிலர் இந்தப் பக்கம் வந்துவிட்டதையும் சொன்னேன். நம் வீட்டிலும் தலையை எண்ணுங்கள் என்று முடித்தேன். அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

சித்தப்பா விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, பதினெட்டு ஆனவங்களுக்குத்தானே ஓட்டு. அவங்க வீட்டுல ரெண்டே பேரு. நம்ம பக்கம் அஞ்சு. எண்ணிடுவோம்."

நானும் எண்ணிப் பார்த்தேன். அக்காவுக்குப் பதினேழு, எனக்குப் பதின்மூன்று. எங்கள் பக்கம் அப்பாவும் அம்மாவும் மட்டும். அந்தப் பக்கம் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகனான அண்ணன், சித்தப்பா, சித்தி. இரண்டுக்கு ஒன்று என்று தோற்க வேண்டியதை ஐந்துக்கு இரண்டு என்று தோற்க வைத்தவள் நான்.

பெரியப்பா நியாயஸ்தர் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர்மேல் அவருக்கு ஆசையும் உண்டு. "சரி, புள்ள கேக்குது. படிக்கப் போகட்டும்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார்.

அப்பா தூக்கினார். அம்மா தூக்கினாள். அடுக்களை வாசலில் நின்ற பெரியம்மா கையில் ஒட்டியிருந்த மாவை முந்தானையில் துடைத்துவிட்டு, மெதுவாகத் தன் கையையும் தூக்கினாள். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கை இறங்கவில்லை. அதைப் பார்த்த சித்தி, சித்தப்பாவின் பக்கமே திரும்பாமல் கை தூக்கினாள்.

நாலுக்கு மூன்று. பெரியப்பா இரண்டு தடவை எண்ணினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போகட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அக்கா புதன்கிழமை நாமக்கல் போனாள். இன்று மண்ணச்சநல்லூர்ப் பக்கம் எந்தத் தொழுவத்தில் மாடு கன்று போடத் திணறினாலும் டாக்டரம்மாவுக்குத்தான் போன் வரும். அவள் முழங்கை வரை உறை மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். வெகுகாலம்வரை அந்தப் பெருமையில் முக்கால் பங்கை என் பேச்சுக்கே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைச் சபை அதற்குப் பிறகு கூடவில்லை. பெரியப்பா கூப்பிடவே இல்லை. பிரான்ஸ் ராஜாக்களும் அப்படித்தானே கூப்பிடாமல் இருந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் ஜம்பமாகச் சொன்னேன். ஆனால் அந்தப் பாதிரிமார்கள் மறுபக்கம் போனதும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். பெரியம்மாவுக்கோ கையை இறக்கியதும், அன்று மத்தியானமே அதே மனிதருக்கு இலை போட்டுப் பரிமாற வேண்டியிருந்தது. தீபாவளிக்கு அக்கா வரும்வரை அவர் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் என்னைத்தான் பார்ப்பார். "ரசம் கொண்டாரச் சொல்லு."

ரசப் பாத்திரத்தோடு இரண்டடி தள்ளி நிற்கும் பெரியம்மாவிடம், "பெரியப்பா ரசம் கேக்குறாங்க" என்று நான் உரக்கச் சொல்வேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஊற்றுவாள். இவ்வளவு பெரிய வீட்டில் இந்த வேலைக்கு என்னைத்தானே தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.