ஸ்கூட்டரில் கட்டிய வாக்கர்

பொய் சொல்லித்தான் மறுபடி ஓட ஆரம்பித்தேன்.

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து, மெதுவாக ஓடலாம் என்றார் டாக்டர். பயந்த சுபாவமுள்ள என் கணவரிடம் அதைச் சொல்லவில்லை. "நடந்துட்டு வாரேன்" என்று கிளம்பி, காந்திகிராமம் போகும் சாலையில் தினமும் காலையில் ஓடினேன்.

ஒருநாள் தண்ணீர் குடிக்க நின்றேன். தூரத்தில் ஒரு ஸ்கூட்டரும் நின்றது. அவரேதான். பின்சீட்டில் என் பழைய வாக்கரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

"எத்தனை நாளா பின்னாடி வாரீங்க?"

"நீ ஓட ஆரம்பிச்ச மறுநாள்லருந்து. விழுந்துட்டா எப்படி எந்திரிப்ப? அதான் இதைத் தூக்கிட்டு அலையுறேன்."

"டாக்டரே ஓடச் சொல்லிட்டாருங்க."

"அதை எங்கிட்டச் சொன்னா என்ன?"

"இன்னைக்குப் பக்கத்துலயே வாங்க" என்றேன்.

மறைக்க ஒன்றுமில்லாதபோது கால் இவ்வளவு லேசாகுமா! வழக்கமாகத் திரும்பும் புளியமரத்தையும் தாண்டி ஓடினேன். தண்ணீர் குடித்த இடத்திலிருந்து நிற்காமல் ஐந்து கிலோமீட்டர், முதல்முறையாக! பெருமையோடு பக்கத்தில் பார்த்தால் ஸ்கூட்டரைக் காணோம். பெட்ரோல் தீர்ந்து, வெகு பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏய், செத்த நில்லு!"

நான் நிற்கவில்லை, திரும்பி அவரிடமே ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது, மூச்சு வாங்கியபடி அந்த வாக்கரை அவிழ்த்து ஊன்றிப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான்.